யாரிடம் சொல்வது? வன்முறையை ‘முன்தடுக்கும்’ அரசு குறித்துச் சில குறிப்புகள்

1

வன்முறை நடந்து முடிந்தபின் செய்தவரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதுதான் அரசின் வேலை என்று நம்மில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடந்த இருபது ஆண்டுகளில் மேற்குலக அரசுகள் இந்த இடத்தைவிட்டு வெகுதூரம் நகர்ந்துவிட்டன. வன்முறையில் இறங்கக்கூடிய ஒருவரை, அவர் இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து, பேசி, வழிப்படுத்துவது என்பது இப்போது தனியொரு நிர்வாகத் துறை. அதற்கென்று நிதி, பயிற்சி, கையேடு, படிவம், தொலைபேசி இலக்கம், ஆலோசகர் எல்லாம் உண்டு. ‘சமூகங்களுக்கான வளங்கள்’ என்று அரசுகள் இவற்றை அழைக்கின்றன. இந்த வளங்கள் எப்படி இயங்குகின்றன, எதைத் தருகின்றன, தருகிறபோதே எதை எடுத்துக்கொள்கின்றன என்பதை விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இத்துறையின் ஆய்வாளன் அல்லன். லண்டனில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். 2015 இலையுதிர் காலத்தில் ஒருநாள் மாலை வகுப்புகளை நிறுத்திவிட்டு எங்கள் எல்லோரையும் மண்டபத்தில் இருத்தினார்கள். இரண்டு மணிநேரப் பயிற்சி. பேச வந்த பெண்மணி மிகவும் தன்மையானவர். ஒரு மாணவரின் உடை மாறலாம், சிநேகிதர் மாறலாம், அவர் ஒதுங்கிப் போகலாம், ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்று பிரித்துப் பேசத் தொடங்கலாம், தனக்கு அநீதி நடந்துவிட்டதாக உணரலாம். இவற்றையெல்லாம் கவனியுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த சமையற்கலை ஆசிரியர் என் காதுக்குள் சொன்னார்: “பதினேழு வயசில எனக்கு இது எல்லாமே இருந்தது.” சிரித்தோம். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. நானும் போட்டேன்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில், வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஒரு பெடியன் வாசலில் நின்றான். பதினேழு வயதிருக்கும். முஸ்லிம் குடும்பம். அதிகம் கதைக்காதவன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். எங்கள் பேச்சில் தருகிறேன்.

“சேர், ஒண்டு கேக்கலாமோ?”

“கேளன்.”

“என்ர ஒண்டுவிட்ட அண்ணா ஒராள்... இரவிரவா இருந்து ஏதோ வீடியோ பாக்கிறார். ஆள் முந்தின மாதிரி இல்லை.” கொஞ்சம் நிறுத்தினான். “நான் சொன்னா நீங்கள் அதை எங்கயும் எழுதிக் குடுக்க வேணுமோ?”

இரகசியமாக வைத்திருப்பேன் என்று மாணவருக்கு ஒருபோதும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். “அது நீ என்ன சொல்லப்போறாய் எண்டதைப் பொறுத்தது” என்றேன்.

“இல்லை சேர். ஒண்டுமில்லை.” பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பிறகு அவன் என்னிடம் கணக்கைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

அவன் வாசலில் நின்ற அந்த இரண்டு நிமிடம் இன்றுவரை எனக்குள் கிடக்கிறது. இக்கட்டுரை அதைப் புரிந்துகொள்ளும் முயற்சியும்தான்.

2

நான் கையெழுத்திட்ட திட்டத்தின் பெயர் ‘பிரிவென்ட்’. பிரித்தானியாவின் பயங்கரவாத எதிர்ப்புக் கொள்கை 2003இல் வகுக்கப்பட்டு 2006இல் வெளியிடப்பட்டது. தொடர்ந்து பிடி, முன்தடு, காத்துக்கொள், ஆயத்தமாயிரு என்று அதற்கு நான்கு பகுதிகள். இரண்டாவதுதான் பிரிவென்ட். 2005 யூலை 7ஆம் திகதி லண்டனின் சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் வெடித்த குண்டுகளில் 52 பேர் கொல்லப்பட்டார்கள். செய்த நால்வரும் இந்நாட்டிலேயே வளர்ந்தவர்கள். எதிரி எல்லைக்கு அப்பாலிருந்து வருபவன் என்ற பழைய சித்திரம் அன்றோடு உடைந்தது. அவன் பக்கத்து வகுப்பறையில் இருக்கக்கூடும் என்றானபின் அரசின் பார்வையும் வகுப்பறைக்குள் வந்தது.

2007இல் முதற்கட்டப் பணம் உள்ளூராட்சிச் சபைகளுக்குப் போனது. எந்தச் சபைகளுக்கு? முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் இடங்களுக்கு. அதாவது தனியொருவரின் நடத்தையைப் பார்ப்பதற்கு முன்பே குடிசனக் கணக்கு பார்க்கப்பட்டாயிற்று. 2011இல் திட்டம் திருத்தப்பட்டபோது வன்முறையோடு நில்லாமல் ‘தீவிரவாதம்’ என்ற சொல்லும் உள்ளே வந்தது. சனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், பிற சமயங்களை மதித்தல் ஆகிய ‘அடிப்படைப் பிரித்தானிய விழுமியங்களை’ எதிர்ப்பதே தீவிரவாதம் என்று அதற்கு வரையறை. விழுமியங்களில் பிழையில்லை. ஆனால் கருத்துக்கும் செயலுக்கும் நடுவில் இருந்த வேலி இந்த இடத்தில் பிடுங்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2015இன் சட்டம் இதைக் கடமையாக்கியது. பாடசாலை, கல்லூரி, மருத்துவமனை, சிறை, உள்ளூராட்சிச் சபை ஆகியவை மனிதர்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுவதைத் தடுக்கவேண்டிய தேவையை ‘உரிய அளவில் கருத்திற்கொள்ள வேண்டும்’ என்கிறது அதன் 26ஆம் பிரிவு. சட்டம் தனி ஆசிரியரைப் பார்த்துச் சொல்லவில்லை. நிறுவனத்தைப் பார்த்துச் சொல்கிறது. நிறுவனம் அதை வேலை விதியாக மாற்றி ஆசிரியரின் மேசையில் வைக்கிறது. பயங்கரவாதச் செயல் ஒன்றைத் தடுக்க உதவக்கூடிய தகவல் தெரிந்தும் சொல்லாதிருப்பதைக் குற்றமாக்கும் பிரிவு வேறு, 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் 2001இலேயே சேர்க்கப்பட்டிருந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்டபத்தில் இருந்த எங்களில் எத்தனை பேருக்கு விளங்கியது? எனக்கு அன்று விளங்கவில்லை. பயம் மட்டும் விளங்கியது.

நடைமுறை இதுதான். ஆசிரியருக்குக் கவலை வருகிறது. கல்லூரியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்கிறார். படிவம் நிரப்பப்படுகிறது. அது பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸிடம் போகிறது. அவர்கள் வடிகட்டியதில் மிஞ்சுவது ‘சேனல்’ என்ற குழுவிடம் வருகிறது. உள்ளூராட்சிச் சபை தலைமை தாங்கும் இக்குழுவில் கல்வி, மருத்துவம், சமூகசேவை, பொலிஸ் எல்லாத் தரப்பும் உண்டு. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் அவருக்கு ஒரு வழிகாட்டியை ஒழுங்குபண்ணுவார்கள். வேலை, வீடு, உளச்சிகிச்சைக்கும் உதவுவார்கள். சம்மதமில்லாமல் எதுவும் நடக்காது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே நல்ல மனிதர்கள் நல்ல வேலை செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் நடக்கும் இடத்துக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘குற்றத்துக்கு முந்தைய வெளி’. இந்தச் சொற்சேர்க்கையை நின்று யோசியுங்கள். குற்றம் நடக்கவில்லை. நடக்காமலே போகலாம். ஆனாலும் இந்த வெளி தன் பெயரை அந்தக் குற்றத்திடமிருந்துதான் கடன் வாங்குகிறது. பதினேழு வயதுக்காரன் ஒருவனின் வாழ்க்கையை அவன் செய்யாத ஒன்றின் முன்னுரையாக வாசிக்கக் கற்றுத் தருகிறது இச்சொல்லாடல்.

3

சரி, இதில் என்ன பிழை? ஓர் உயிரைக் காப்பாற்ற நூறு படிவம் எழுதினால் என்ன? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. நான் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே பார்க்கிறேன்.

10 லட்சம் பேர் வாழும் ஒரு நகரம். அதில் 10 பேர் கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. அது அந்தப் பத்துப் பேரையும் அநேகமாகப் பிடித்துவிடும். மீதி 9,99,990 பேரில் நூற்றுக்கு ஒருவரை, அதாவது ஏறக்குறைய 10,000 பேரை, தவறாகப் பிடிக்கும். ஆக, பிடிபட்ட ஆயிரம் பேரில் 999 பேர் அப்பாவிகள். இது நூற்றுக்கு 99 சரியான கருவியின் கதை. மனித மனத்தை அளக்கும் அப்படியொரு கருவி உலகில் கிடையாது. சேனல் குழுக்கள் பயன்படுத்திவந்த மதிப்பீட்டில் 22 அம்சங்கள் இருந்தன. மனக்குறை, அடையாளத் தேடல், ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆவல் போன்றவை அவை. இவற்றை வைத்துக்கொண்டு இந்தச் சிற்றிதழின் வாசகர் பட்டியலையே படிவம் படிவமாக நிரப்பிவிடலாம்.

நடந்த கணக்கைப் பார்ப்போம். கடமை சட்டமான 2015–16 நிதியாண்டில் 7,631 பேர் பிரிவென்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 2,127 பேர் 15 வயதுக்கும் குறைந்தவர்கள். கடைசியில் சேனலின் உதவி பெற்றவர்கள் 381 பேர், நூற்றுக்கு 5. 2023–24இல் அனுப்பப்பட்டவர்கள் 6,922 பேர். சேனலுக்குள் எடுக்கப்பட்டவர்கள் 512 பேர். அந்த ஆண்டு வந்த பெயர்களில் தீவிர வலதுசாரிக் கவலையால் வந்தவை நூற்றுக்கு 19, இஸ்லாமியவாதக் கவலையால் வந்தவை 13. நூற்றுக்கு 36 பேரிடம் எந்தக் கொள்கையும் இல்லை, பயங்கரவாத அபாயமும் இல்லை. ஏதோ ஒரு வகையில் நொந்துபோனவர்கள் என்பது மட்டுமே. உளச்சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டிய நாட்டில், நொந்துபோன பிள்ளைக்கு ஆள் தேடும் ஆசிரியருக்குத் திறந்து கிடக்கும் கதவு பயங்கரவாதத் தடுப்பின் கதவுதான் என்றால், அது அந்த ஆசிரியரின் குற்றமல்ல.

இதே சல்லடை தவறவிட்டதையும் சொல்ல வேண்டும். 2021 ஒக்ரோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமெஸைக் குத்திக் கொன்றவர், 2014இல் பாடசாலையால் பிரிவென்டுக்கு அனுப்பப்பட்டு, சேனலுக்குள்ளும் போய் வந்தவர். 2024 யூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகளைக் கொன்ற 17 வயதுப் பையனின் பெயர் 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று தடவை வந்தது. தெளிவான கொள்கை எதுவும் இல்லையென்று மூன்று தடவையும் கோப்பு மூடப்பட்டது. அவசரப்பட்டு மூடிவிட்டோம் என்று 2025 பெப்ரவரியில் வெளியான மீளாய்வு ஒப்புக்கொண்டது. அப்பாவிகளை அள்ளிக்கொள்வதும் கொலைகாரரைக் கைவிடுவதும் ஒன்றுக்கொன்று முரணான தவறுகள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே வேரில் முளைப்பவை. ஆயிரம் கோப்புகளுக்குள் ஒரு கோப்பைத் தேடுகிறவருக்குக் கொள்கை என்ற அடையாளம்தான் கைவிளக்கு. விளக்குக் கொள்கையின் பக்கம் திரும்பியிருக்கும்போது, கொள்கை இல்லாத வெறி இருட்டில் நடந்து போய்விடுகிறது.

4

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது அமெரிக்க வழி. அங்கே ‘இலக்குவைத்த வன்முறை’ என்றொரு கருத்தாக்கம் உண்டு. தாக்குபவர் முன்கூட்டியே ஓர் ஆளையோ இடத்தையோ கூட்டத்தையோ தேர்ந்துகொண்டு செய்யும் வன்முறை அது. பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடும், வழிபாட்டிடத் தாக்குதலும், அரசியல் கொலையும் இதற்குள் அடங்கும். சனாதிபதியைக் காவல் காக்கும் இரகசியச் சேவை இதை ஆராய 1998இல் ஒரு மையம் தொடங்கியது. கல்வித் திணைக்களத்தோடு சேர்ந்து அது 2002இல் வெளியிட்ட அறிக்கை, 1974க்கும் 2000க்கும் இடையில் பள்ளிக்கூடங்களில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. தாக்கியவர்களுக்கென்று பொதுவான சாயல் எதுவும் கிடையாது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. இரண்டாவது முடிவுதான் எனக்கு முக்கியம். நூற்றுக்கு 81 சம்பவங்களில், தாக்கியவர் என்ன நினைக்கிறார் அல்லது திட்டமிடுகிறார் என்பது குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர் பெரும்பாலும் ஒரு சிநேகிதன், சகமாணவன், அல்லது உடன்பிறப்பு.

அதாவது தகவல் இல்லாமல் இல்லை. அது இருக்கிறது. பொலிஸின் கணினியில் அல்ல, ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தொண்டைக்குள் இருக்கிறது. ஆகவே முன்தடுப்பின் மையக் கேள்வி ‘யார் ஆபத்தானவர்?’ என்பது அல்ல. ‘தெரிந்தவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்?’ என்பதே. முதற்கேள்விக்குப் பட்டியல்கள் போதும் என்று தோன்றும். இரண்டாவதற்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கையை நிதி ஒதுக்கி வாங்க முடியாது.

அமெரிக்க அரசு வாங்கிப் பார்த்தது. 2011இல் ஒரு கொள்கை அறிக்கை. 2014இல் பொஸ்ரன், லொஸ் ஏஞ்சல்ஸ், மினியாபொலிஸ் நகரங்களில் முன்னோடித் திட்டங்கள். மினியாபொலிஸில் பார்வை விழுந்தது சோமாலியக் குடியேறிகள்மீது. 2017 ஜனவரியில் 31 அமைப்புகளுக்கு மொத்தம் ஒரு கோடி டொலர் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் முஸ்லிம் சமூக அமைப்புகள் சில, அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்டன. வெள்ளையின வெறிக் குழுக்களைவிட்டு வெளியேறுவோருக்கு உதவிய அமைப்பொன்றைப் புதிய ஆட்சியே பட்டியலிலிருந்து நீக்கியது. 2018இல் பிற்ஸ்பேர்க் யூத ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டபின் ‘இலக்குவைத்த வன்முறை’ என்ற சொல் அலுவலகத்தின் பெயரிலேயே ஏறியது. 2021இல் மறுபடி பெயர் மாறி, பொதுச் சுகாதார அணுகுமுறை என்ற விளக்கத்தோடு ஒரு மையமாயிற்று. நோய் வருமுன் ஊருக்கே தடுப்பு, அறிகுறி தெரிந்தால் தனிக் கவனிப்பு, வந்தபின் மறுவாழ்வு என்ற மூன்று படிகள். 2025இல் அந்த மையத்தின் ஊழியர் பெரும்பாலோர் போய்விட்டனர். வழங்கிய நிதிகளில் பல இரத்தாயின.

பொதுச் சுகாதாரம் என்ற உவமை பொலிஸ் மொழியைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்தியரிடம் போகிறவர் தன் நோயைச் சொல்வது, அது அறையைவிட்டு வெளியே போகாது என்ற நம்பிக்கையில். அந்த இரகசியத்தைக் கழித்துவிட்டு வெறும் வெப்பமானியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுகாதாரமல்ல, சோதனைச் சாவடி.

5

இதைக் கோட்பாட்டு ரீதியாக எப்படி விளங்கிக்கொள்வது? அல்தூசர் 1970இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில் அரசின் கருவிகளை இரண்டாகப் பிரித்தார். பொலிஸ், சிறை, இராணுவம் ஆகியவை ஒடுக்குமுறைக் கருவிகள். பள்ளி, குடும்பம், கோயில் ஆகியவை கருத்தியல் கருவிகள். இந்தப் பிரிவினையைப் பிரிவென்ட் கலைத்துப் போடுகிறது. ஆசிரியர் பாடமும் நடத்துகிறார், படிவமும் நிரப்புகிறார். தெருவில் “ஏய், உன்னைத்தான்!” என்று பொலிஸ் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே அரசின் குடியாகிறான் என்றார் அல்தூசர். இங்கே கூப்பிடும் குரலே தேவையில்லை. “நான் சொன்னா எழுதிக் குடுக்க வேணுமோ?” என்று அந்தப் பெடியன் கேட்டபோது அவன் ஏற்கெனவே திரும்பிப் பார்த்துவிட்டான். கூப்பிடாமலே கூப்பிட்டவனாக நின்றது நான்.

பூக்கோ இன்னும் பொருத்தமாக உதவுகிறார். கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றிய பூக்கோவைச் சொல்லவில்லை. அதை நாம் போதுமான அளவு மேற்கோள் காட்டித் தேய்த்துவிட்டோம். 1977–78 சொற்பொழிவுகளில் அவர் பேசிய ‘மேய்ப்பர் அதிகாரம்’ என்ற கருத்தைச் சொல்கிறேன். மேய்ப்பன் மந்தை முழுவதையும் கவனிக்கிறான். ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியேயும் கவனிக்கிறான். அடிப்பதால் அல்ல, அக்கறை கொள்வதால் ஆள்கிறான். கிறிஸ்தவத் திருச்சபை வளர்த்த இந்த அதிகாரத்தை நவீன அரசு சுவீகரித்துக்கொண்டது என்பது அவர் வாதம். பிரிவென்ட் பயிற்சியில் நான் கேட்ட மொழி முழுக்க முழுக்க இதுதான்: பலவீனமானவர், பாதுகாப்பு, ஆதரவு, அக்கறை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. திருச்சபை மேய்ப்பரிடம் பாவசங்கீர்த்தன இரகசியம் என்றொரு பூட்டு இருந்தது. கேட்டது அவரோடு புதைய வேண்டும். அரசு மேய்ப்பரின் அக்கறையை எடுத்துக்கொண்டது, பூட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அக்கறையான ஒவ்வொரு முகமும் சந்தேகத்துக்குரிய முகமாகிறது. “ஏனடாப்பா வாடியிருக்கிறாய்?” என்று கேட்பதுகூடத் தூண்டில் போலப்படுகிறது.

2010இல் பேர்மிங்காமில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் இரண்டு பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கமராக்கள் முளைத்தன. சில வெளியே தெரிந்தன, சில ஒளித்து வைக்கப்பட்டன. ஊர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்லப்பட்டது. பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதிகாரிகள் கமராக்களின் தலையைப் பிளாஸ்ரிக் பையால் மூடினார்கள். 2011இல் கழற்றிக்கொண்டு போனார்கள். கமராவைக் கழற்றலாம். ‘ஊர்ப் பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு விழுந்த கறையை யார் கழற்றுவது?

6

பையால் மூடிய தலை என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் இறுதியில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆம்பிளையளை எல்லாம் வரிசையில் நடத்திக்கொண்டு போவார்கள். வாகனத்துக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவர் இருப்பார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர் தலை ஆடினால் ஆள் போச்சு. ‘தலையாட்டி’ என்று நாங்கள் வைத்த பெயர். நடத்திய படை எது என்பதா? படைகள் மாறின, சாக்கு மாறவில்லை. மறுபக்கத்தில், காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி இயக்கங்கள் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டன. இரண்டு பக்கமும் சேர்ந்து அழித்தது ஓர் இடத்தை. “தம்பி பிழையான வழியில போறான், என்ன செய்யலாம்?” என்று ஒரு தாய் கேட்கக்கூடிய இடத்தை. சொன்னால் ஒரு பக்கம் கொல்லும், சொல்லாவிட்டால் மற்றப் பக்கம் கொல்லும்.

லண்டன் கல்லூரிப் படிவமும் யாழ்ப்பாணச் சாக்கும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது செத்தவர்களை அவமதிப்பது. இங்கே படிவத்துக்குப்பின் ஒரு குழு இருக்கிறது, சம்மதம் கேட்கிறது, தவறினால் கேள்வி கேட்க நாடாளுமன்றமும் நீதிமன்றமும் உண்டு. நான் சொல்வது பயத்தின் இலக்கணம் பற்றி. அந்த இலக்கணம் தெரிந்த எவருக்கும் பெடியன் ஏன் வாசலோடு திரும்பினான் என்பது விளங்கும். 2001இல் பிரித்தானியா விடுதலைப் புலிகளைத் தடைசெய்தபின் எங்கள் வீடுகளில் ரெலிபோன் கதைகள் எப்படிச் சுருங்கின என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கப் பழகிய சமூகம் நல்லதையும் சொல்லாது, கெட்டதையும் சொல்லாது.

இந்த மென்மொழி பயணம் செய்யவும் வல்லது. 2016இல் ஐ.நா. செயலாளர் நாயகம், வன்முறைத் தீவிரவாதத்தை முன்தடுக்கத் தேசியத் திட்டங்கள் வகுக்கும்படி நாடுகளைக் கேட்டார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப்பின், 2021 மார்ச்சில் இலங்கை அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ‘தீவிரமய நீக்கம்’ என்ற பெயரில் ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டுவரை ‘புனர்வாழ்வு’ நிலையத்தில் வைக்க அது இடம் தந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ‘புனர்வாழ்வு’ என்ற சொல் 2009க்குப் பிறகு 11,000க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் கடந்து வந்த சொல். லண்டனில் ஆலோசனையாக இருப்பது, சட்டத்தின் காவல் மெலிந்த இடத்தில் அடைப்பாக மாறுகிறது. சொல் மட்டும் அதேதான்.

7

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருப்பதா? இல்லை. 2016 யூனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ் தெருவில் கொல்லப்பட்டதற்கும், சவுத்போர்ட் கொலைகளின் மறுநாளே பொய் வதந்தியால் அந்த ஊர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டதற்கும் ‘அரசின் கட்டுக்கதை’ என்ற பதில் போதாது. கொலைவெறி உண்மை. அதில் முதலில் சாவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்.

வேறு மாதிரி முயன்றவர்கள் இருக்கிறார்கள். நாசிக் குழுக்களைவிட்டு வெளியேற விரும்புவோருக்கு உதவும் ‘எக்ஸிற்’ 1997இல் நோர்வேயிலும் 1998இல் சுவீடனிலும் தொடங்கியது. ஜேர்மனியில் 2000இல் அதைத் தொடங்கியவர்கள் இருவர்: பேர்ண்ட் வாக்னர் முன்னாள் பொலிஸ் அதிகாரி, இங்கோ ஹாசல்பாக் முன்னாள் நவநாசித் தலைவர். வெளியே வர நினைப்பவர் தானாகவே கதவைத் தட்டுகிறார். கேட்பவரில் ஒருவர் அதே சேற்றில் கிடந்து வந்தவர். 2012 முதல் ஜேர்மன் குடியேற்ற அலுவலகம் பெற்றோருக்கென ஒரு தொலைபேசி இலக்கம் நடத்துகிறது. “என்ர மகன் சிரியாவுக்குப் போகப் பாக்கிறான்” என்று தாய் எடுத்துச் சொன்னால், அந்த அழைப்பு அரசுசாரா ஆலோசகர்களிடம் கைமாறுகிறது. உயிராபத்து உண்டென்றால் பொலிஸுக்குப் போகும். மற்றபடி உதவி பெறுவது தாய்; மகனோடு உறவு அறுந்துபோகாமல் காப்பதே வேலை. பணம் அரசினதுதான். கேட்கும் காது அரசினது அல்ல. இதுவும் தூய்மையான ஏற்பாடில்லை. பணம் கொடுப்பவர் ஒருநாள் பெயர்ப் பட்டியலும் கேட்பார் என்ற பயம் நியாயமானது. ஆனால் பணத்துக்கும் காதுக்கும் நடுவே ஓர் இடைவெளி சாத்தியம் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, எந்த அரசு ‘வளம்’ நம் வாசலுக்கு வந்தாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். ஒன்று: நான் சொல்லும் வாக்கியம் எங்கே போகிறது, யார் கையில் எவ்வளவு காலம் தங்குகிறது? இரண்டு: பிழையாகச் சந்தேகிக்கப்பட்டவருக்கு யார் பதில் சொல்வது? மூன்று: எந்த எல்லையைத் தாண்டினால் பொலிஸுக்குப் போகும் என்பது, நான் வாய் திறக்குமுன் எனக்குச் சொல்லப்படுகிறதா?

மூன்றாவதில்தான் நான் தோற்றேன். “நீ என்ன சொல்லப்போறாய் எண்டதைப் பொறுத்தது” என்பது எல்லை இல்லாத பதில். அதைக் கேட்டவனுக்கு எல்லாமே எல்லைக்கு அப்பால்தான். இன்று அவன் வந்து நின்றால் இப்படிச் சொல்வேன் என்று நினைக்கிறேன்: “யாரையும் கொல்லப் போறார் எண்டு உனக்குத் தெரிஞ்சா நான் சொல்லத்தான் வேணும். சொல்லமுதல் உனக்குச் சொல்லுவன், உன்னோட நிப்பன். மிச்சமெல்லாம் நாங்கள் இருந்து கதைக்கலாம். இரு.” இதை நிறுவன விதி எவ்வளவு அனுமதிக்கும் என்பது வேறு கேள்வி. கவலையை எல்லாம் மேலே அனுப்பு என்றுதான் பயிற்சி சொன்னது. அந்த விதியோடு சண்டை பிடிக்கவேண்டியது ஆசிரியர் சங்கங்களின், எழுதுகிறவர்களின், நம் எல்லோரின் வேலை.

அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணா வேலை போன கவலையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். அது எனக்குத் தெரியவராமலே போனது. எங்கள் ஊர்களிலும் நகரங்களிலும் ஒரு பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய இடங்கள் எவை, அரசுக்கு முன்பே அவற்றை நாமே எப்படிக் கட்டிக்கொள்வது என்பதை நண்பர்கள் விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.